நுவரெலியாக் கன்றுகள் யாழ்ப்பாணத்துச் சாடியில் ஏன் நிலைப்பதில்லை?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். தை மாதம் நுவரெலியாவுக்குச் சுற்றுலா போன இடத்தில் 8 பூக்கன்றுகள் வாங்கினீர்கள்: 4 ஜெரேனியம், 2 ஹைட்ரேஞ்சியா, ஒரு பியூசியா, ஒரு பிகோனியா. விற்றவர் எல்லாமே பல்லாண்டுச் செடிகள் என்று சொல்லித்தான் தந்தார். யாழ்ப்பாணம் கொழும்புத்துறையில் உங்கள் வீட்டு முன்முற்றத்தில், மேற்குப் பக்க மதிலோரமாக, சீமெந்துத் தரையில் கறுப்புப் பிளாஸ்ரிக் சாடிகளில் வைத்துக் காலையும் மாலையும் ஒவ்வொரு கோப்பை தண்ணீர் ஊற்றினீர்கள். பங்குனியில் இலை மஞ்சளானது, சித்திரையில் ஹைட்ரேஞ்சியா கருகியது, இப்போது ஆடியில் 3 ஜெரேனியம் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ரொறன்ரோவில் இருக்கும் அக்கா இதே ஜெரேனியத்தை 6 வருடமாக வைத்திருக்கிறார். பனி கொட்டுகிற ஊரில் பிழைக்கிற செடி இங்கே ஏன் சாகிறது, வெயில்தான் காரணமா, எனக்குக் கைராசி இல்லையா என்று கேட்கிறீர்கள்.

கைராசியைப் பற்றிய பேச்சை முதலில் விட்டுவிடுவோம். 28 வருடம் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன் நான். கைராசியால் செத்த செடி ஒன்றையும் நான் பார்த்ததில்லை. நீங்கள் வெயிலைப் பற்றிக் கேட்டாலும், உங்கள் கேள்விக்கு அடியில் இருப்பது வேறொன்று: பல்லாண்டு என்ற சொல்லுக்கு நம்முடைய ஊரில் என்ன பொருள்? அதை விளங்கிக்கொண்டால் மிச்சம் எல்லாம் தானாக வரும்.

பல்லாண்டுச் செடி என்றால், இடம் பொருந்தினால் ஒன்றுக்கு மேற்பட்ட வருடம் வாழக்கூடியது என்று மட்டுமே பொருள். எந்த இடத்திலும் வாழும் என்று அந்தச் சொல் உறுதி தரவில்லை. உங்கள் அக்காவின் ஊரிலும் ஜெரேனியம் வெளியே வைத்தால் ஒரு குளிர்காலத்தைத் தாண்டாது. உறைபனி பட்ட ஒரே இரவில் அதன் தண்டு கூழாகிவிடும். அங்கே தோட்டக்காரர்கள் இப்படிப்பட்டவற்றைப் பனி தாங்காத பல்லாண்டுச் செடிகள் என்று தனியாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். அக்கா என்ன செய்கிறார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஐப்பசியில் பனி விழுமுன் சாடியை வீட்டுக்குள் எடுத்து, கொப்புகளை வெட்டிவிட்டு, சன்னலோரத்தில் தண்ணீரைக் குறைத்து, பசளை எதுவும் போடாமல் வைத்திருப்பார். வைகாசி பிறந்து குளிர் விட்ட பிறகுதான் வெளியே வரும். அந்த 6 வருடமும் செடி தானாகப் பிழைத்ததல்ல. வருடத்தில் பாதியை அவர் ஒளித்து வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்.

நமக்கு உறைபனி இல்லை, அதனால் ஒளித்து வைக்க வேண்டிய காலமே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். பிழை அங்கேதான். நமக்கும் அந்தக் காலம் இருக்கிறது, பங்குனிக் கடைசியில் தொடங்கிப் புரட்டாதி வரை. அக்காவுக்கு மார்கழி எப்படியோ இந்தச் செடிகளைப் பொறுத்தவரை நமக்குச் சித்திரையும் சோளகக் காற்று வீசும் மாதங்களும் அப்படி. அந்த மாதங்களில் ஜெரேனியத்திடம் பூவை எதிர்பார்க்கக்கூடாது. உயிரோடு கடத்திவிட்டாலே போதும். பூவின் காலம் இங்கே மார்கழிக் கடைசியிலிருந்து பங்குனி நடுப்பகுதி வரைதான்.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு 1,000 மீற்றர் ஏறும்போதும் வெப்பநிலை ஆறு, ஆறரைப் பாகை குறையும். அதனால்தான் அங்கே வருடச் சராசரி 16 பாகை அளவிலும் இங்கே 28 பாகை அளவிலும் நிற்கிறது. நீங்கள் கன்றுகளை ஒரே நாளில் வாகனத்தில் ஏற்றி இறக்கியபோது 12 பாகை வித்தியாசத்துக்குள் இறக்கிவிட்டீர்கள். பகல் வெப்பத்தைவிட இரவு வெப்பமே இவற்றைக் கூடுதலாக வருத்தும். பகலில் வெயிலை வைத்து ஆக்கிய சீனியை இரவில் மூச்சுவிடும்போது செடி செலவழிக்கிறது. இரவு குளிராக இருந்தால் செலவு குறைவு, மிச்சம் பூவாகும். வைகாசி, ஆனி இரவுகளில் நம் ஊரில் வெப்பநிலை 27 பாகை அளவிலேயே நிற்கும். உழைத்தது எல்லாம் இரவிலேயே கரைந்துபோகும். நிழலில் வைத்தும் ஏன் மெலிகிறது என்று பலர் கேட்பதற்கு இதுதான் விடை.

இந்த இடத்தில் உறுதியாகச் சொல்லக்கூடிய சில உண்டு. ஹைட்ரேஞ்சியா இங்கே பூக்காது. அதன் பூ மொட்டு உருவாகவே குளிர்ந்த கிழமைகள் வேண்டும். நல்ல நிழலும் மழைநீரும் கொடுத்தால் இலையோடு சில காலம் நிற்கலாம், அவ்வளவுதான். பியூசியாவும் நம் கோடையைத் தாண்டாது. கிழங்கிலிருந்து முளைத்துப் பெரிய ரோசாப்பூப் போலப் பூக்கிற பிகோனியாவும் அப்படியே. அந்த மூன்று வகையும் செத்ததற்கு நீங்கள் பொறுப்பில்லை. உலகத்தில் எந்தக் கைதேர்ந்த தோட்டக்காரர் வந்தாலும் கொழும்புத்துறை முற்றத்தில் அவற்றை வருடக்கணக்கில் வைத்திருக்க முடியாது. மூங்கில்போல நிமிர்ந்து வளர்கிற பிகோனியா வேறு சாதி, அது நல்ல நிழலில் இங்கே நிற்கும். உங்களுடையது எது என்று விபரத்திலிருந்து தெரியவில்லை.

ஜெரேனியத்தின் கதை வேறு. நாம் ஜெரேனியம் என்று சொல்வது தாவரவியலில் பெலர்கோனியம். இரண்டையும் தனித்தனிப் பேரினங்களாகப் பிரித்தது 1789இல். அதற்குள் பழைய பெயர் வாய்க்கு வாய் பரவிவிட்டது. அதன் தாய்நாடு பெரும்பாலும் தென்னாபிரிக்கா. சதைப்பிடிப்பான தண்டில் தண்ணீரைச் சேமித்து வைக்கத் தெரிந்த செடி அது, வறட்சியை நன்றாகவே தாங்கும். தாங்காதது சூடும் ஈரமும் ஒன்றாகச் சேர்ந்த வேர்ப்பகுதியை. இலையில் வட்டமாகக் கருமையான வளையம் இருந்தால் அது கொஞ்சம் முரட்டு வகை, இங்கே வைத்துப் பார்க்கலாம். இலை விளிம்பு சுருங்கிக் கூராக, பூ பெரிதாக, இதழில் கருஞ்சிவப்புத் திட்டு இருந்தால் அது இன்னொரு வகை. மொட்டு வைக்கப் பல கிழமை குளிர் கேட்கும் அது நமக்கு ஆகாது. உங்களிடம் உயிரோடு இருக்கும் மூன்றும் வளையம் உள்ளவையாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். பார்த்துச் சொல்லுங்கள்.

சரி, வெயில்தான் கொன்றதா? பாதி உண்மை. வெயில் இலையில் விழுந்ததைவிடச் சாடியின் பக்கவாட்டில் விழுந்ததுதான் கூடிய கேட்டைச் செய்திருக்கும். நிலத்தில் நிற்கிற மரத்தின் வேருக்குப் பூமி முழுவதும் குடையாக இருக்கிறது. சாடியில் நிற்கிற வேருக்கு ஒரு மெல்லிய பிளாஸ்ரிக் சுவர் மட்டுமே காவல், அதுவும் கறுப்பு நிறம். பின்னேர வெயில் நேராக விழும் பக்கத்தில் உள்ளே மண்ணின் சூடு 40 பாகையைத் தாண்டிவிடும். பெரும்பாலான பூச்செடிகளின் வேர் அதற்கு முன்பே வளர்ச்சியை நிறுத்திவிடும். வேலையில் சேர்ந்த புதிதில் நானும் நுவரெலியாவுக்கு அருகே ஹக்கலைப் பக்கம் போய்த் திரும்பும்போது 12 ஜெரேனியம் கொண்டுவந்து உரும்பிராயில் வீட்டு முற்றத்தில் வைத்தேன். ஆனிக்குள் எல்லாம் போய்விட்டன. மனம் கேட்காமல் ஒவ்வொன்றாகச் சாடியைக் கவிழ்த்துப் பார்த்தேன். கிழக்குப் பக்க வேர்கள் வெள்ளையாக, உயிரோடு இருந்தன. மேற்குப் பக்கத்து வேர்கள் எல்லாம் பழுப்பு நிறமாகிக் கையில் உதிர்ந்தன. அன்றிலிருந்து ஒரு செடி வாடினால் இலையைப் பார்ப்பதற்கு முன் வேரைத்தான் பார்ப்பேன். உங்கள் செத்த சாடிகளை இன்னும் கொட்டாமல் வைத்திருந்தால் நீங்களும் கவிழ்த்துப் பாருங்கள்.

உங்கள் முற்றத்தில் இந்தச் சூடு இரண்டு மடங்காகியிருக்கும். சீமெந்துத் தரை பகல் முழுவதும் சூட்டை வாங்கி வைத்து இரவில் திருப்பித் தரும். மதிலும் அப்படியே. ஒரு காலத்தில் நம் வளவுகளைச் சுற்றிக் கிளுவையும் பூவரசும் நின்றன, நடுவே கிடுகு வரிந்திருந்தது. காற்றை வடித்து விடும் வேலி அது, சூட்டைச் சேமிக்கத் தெரியாது. இப்போது எல்லா இடமும் மதில். பாதுகாப்புக்கு நல்லதுதான், ஆனால் மதிலின் மேற்கு முகத்தோரம் சாடி வைப்பது அடுப்பங்கரையில் வைப்பதற்குச் சமன். வீட்டின் கிழக்குப் பக்கத்துக்கு மாற்றுங்கள். காலை 10 மணி வரை வெயில், அதன் பிறகு வீட்டு நிழல். அந்த இடம் இல்லையென்றால் மாமரத்துக்கோ வேம்புக்கோ கீழே வையுங்கள். முருங்கைக்குக் கீழே மட்டும் வேண்டாம். மழை விட்டதும் மயிர்க்கொட்டி இறங்கும். சாடிகளை இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள், அடியில் காற்று ஓடட்டும். கறுப்புச் சாடியைப் பெரிய மண்சாடி ஒன்றுக்குள் இறக்கி, இடைவெளியில் பொச்சு அடைத்து நனைத்துவிட்டால் வேர்ப்பகுதி நன்றாகக் குளிரும். மண்சாடியின் சுவர் ஈரத்தை வெளியே விட்டுத் தானும் குளிர்வதால் எனக்கு அதுதான் முதல் தெரிவு. புதிய சீமெந்துச் சாடி வாங்கினால் இரண்டு மூன்று கிழமை தண்ணீரில் ஊறவிட்டு, இடையிடையே தண்ணீரை மாற்றி, அதன் பிறகே மண் நிரப்புங்கள். சீமெந்தில் உள்ள சுண்ணாம்பு கசிந்து மண்ணைக் கெடுக்கும்.

சுண்ணாம்பு என்றதும் தண்ணீருக்கு வரவேண்டும். நம் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. மழை அந்தக் கல்லுக்குள் இறங்கி, அதைக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது. உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியைப் பாருங்கள், வெள்ளையாகப் படை படையாக ஒட்டியிருக்கும். அதே பொருள்தான் தினமும் சாடிக்குள்ளும் சேர்கிறது. மண்சாடியின் வெளிச்சுவரில் பூக்கிற வெள்ளைப் படிவும் பெரும்பாலும் அதுவே. மாதக்கணக்கில் சேரச் சேர மண் காரத்தன்மைக்குப் போகும். அப்போது மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. புதிய குருத்து இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புக் குறை. அடியில் இருக்கிற பழைய இலை முழுவதும் மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறை, அல்லது வேர் அழுகல். பங்குனியில் உங்கள் செடிகளில் எந்த இலை முதலில் மஞ்சளானது என்று நினைவிருந்தால் காரணத்தைப் பாதிக்கு மேல் கண்டுபிடித்துவிடலாம். நம் ஊர் எக்ஸோரா இரும்புக் குறைக்கு நல்ல உதாரணம். நிலத்தில் ஓரளவு சமாளிக்கிற அது சாடிக்கு வந்தால் வெளிறிப்போய் நிற்கும்.

கொழும்புத்துறை என்பதால் இன்னொரு சந்தேகமும் எனக்கு இருக்கிறது. கடலோரக் கிணறுகள் பலவற்றில் கோடை முற்ற முற்றத் தண்ணீர் சவராகும். நல்ல தண்ணீர் ஒரு வில்லைபோல உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நாம் இறைக்க இறைக்க அந்த வில்லை மெலிகிறது. இலையின் நுனியும் விளிம்பும் பழுப்பாகக் கருகி, நடுப்பகுதி பச்சையாகவே இருந்தால் உப்பைத்தான் முதலில் நினைக்க வேண்டும். நாக்கில் வைத்துப் பார்ப்பது போதாது. நமக்கு உப்புத் தெரியாத அளவிலேயே மென்மையான செடிகளுக்குத் தெரிந்துவிடும். தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டும் மின்கடத்துதிறனை அளந்து பாருங்கள். மீற்றருக்கு 0.7 டெசிசீமனுக்குக் கீழே என்றால் கவலை இல்லை, 3க்கு மேலே என்றால் சாடிச் செடிக்கு அந்தக் கிணறு வேண்டாம். இடையில் இருந்தால் செடியைப் பொறுத்தும் ஊற்றுகிற முறையைப் பொறுத்தும் சமாளிக்கலாம். உங்கள் கிணற்றைப் பார்க்காமல் உப்பா, சுண்ணாம்பா, இரண்டுமா என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்வது சரியில்லை.

ஊற்றுகிற முறையைப் பற்றி மட்டும் பார்க்காமலே சொல்லலாம், அதை மாற்றத்தான் வேண்டும். ஒரு கோப்பை ஒரு கோப்பையாக ஊற்றுவது அன்பான காரியம் போலத் தெரியும். ஆனால் அந்தத் தண்ணீர் மேல்மண்ணை மட்டும் நனைத்துவிட்டு ஆவியாகும். அதில் இருந்த உப்பும் சுண்ணாம்பும் சாடியிலேயே தங்கும். காலையும் மாலையும் 5 மாதம் என்றால் 300 கோப்பைத் தண்ணீரின் உப்பு அங்கேயே இருக்கிறது என்று அர்த்தம். ஊற்றும்போது அடித்துளையால் தாராளமாக வடியும்வரை ஊற்றுங்கள். பிறகு விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் அடுத்த தடவை. சாடியைத் தூக்கிப் பழகினால் பாரமே சொல்லிவிடும். அதிகாலைதான் நல்ல நேரம். கூரையில் இருக்கிற கறுப்புத் தாங்கியிலிருந்து பகல் 2 மணிக்குக் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீர் கை பொறுக்காது, அதை வேரில் ஊற்றாதீர்கள். இன்னொன்று: நடுப்பகலில் இலை தொங்கினால் உடனே தண்ணீரோடு ஓடாதீர்கள். பொழுதுபட்ட பிறகு பாருங்கள். நிமிர்ந்துவிட்டால் அது வெக்கையில் வந்த களைப்பு. நிமிரவில்லை, மண்ணும் ஈரமாக இருக்கிறது என்றால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது, அப்போது தண்ணீர்தான் எதிரி. இந்த வித்தியாசம் தெரியாமல் கொல்லப்பட்ட ஜெரேனியங்கள்தான் அதிகம் என்பது என் அனுபவம்.

மழைநீர் நமக்குக் கிடைத்திருக்கிற பெரிய கொடை. கூரையின் ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். 20 சதுர மீற்றர் ஓட்டுக்கூரை, 10 மில்லிமீற்றர் மழை என்றால் 200 லீற்றர் பீப்பா ஒன்று நிறையும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த அளவு ஒரு பின்னேரத்திலேயே வந்துவிடும். எல்லாச் செடிக்கும் ஊற்றி முடிக்காமல் மூன்று நான்கு மென்மையான சாடிகளுக்கென்று மட்டும் ஒதுக்கி வைத்தால் கோடைக்குள்ளும் கொஞ்சத் தூரம் வரும். பீப்பாவின் வாயை நுளம்பு போகாத வலையால் இறுக்கிக் கட்டுங்கள். சாடிக்குக் கீழே வைக்கிற தட்டுகளையும் எடுத்துவிடுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கிற நிலைக்கு வர ஒரு கிழமை, 10 நாள் போதும். மாரியில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வளவுக்குள் வந்தால் முதலில் பார்ப்பதே பூச்சாடித் தட்டைத்தான், அவர் பார்ப்பது நியாயம்.

நம்மிடையே புழங்குகிற சில கைவைத்தியங்களையும் தரம் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். முட்டைக்கோது இடித்துப் போடுவது சுண்ணாம்பு குறைந்த மண்ணுக்கு உரிய பழக்கம், நம் மண்ணுக்கும் தண்ணீருக்கும் அது தேவையே இல்லை. தேயிலைச் சக்கை மண்ணைப் புளிப்பாக்கும் என்பார்கள். கிணற்றுத் தண்ணீர் தினமும் கொண்டுவரும் சுண்ணாம்புக்கு முன் அந்தப் புளிப்பு நின்றுபிடிக்காது, மக்கவைத்துப் போட்டால் எருவாக உதவும். வாளித் தண்ணீரில் தேசிக்காய் பிழிவதில் நியாயம் இருக்கிறது, புளிப்பு கரைந்திருக்கிற சுண்ணாம்பை முறிக்கும். ஆனால் எத்தனை காய் என்பது கிணற்றுக்குக் கிணறு மாறும், கண்மதிப்பில் செய்து வேரைச் சுட்டவர்களும் உண்டு. மழைநீர் இருக்கும்வரை அது வேண்டாம். இரும்புச்சத்துப் பசளை வாங்கினால் சாதாரண இரும்புச் சல்பேற்றைச் சாடி மண்ணில் போட்டுப் பயனில்லை, நம் காரமண்ணில் சீக்கிரம் கட்டுண்டுவிடும். காரமண்ணிலும் கரைந்து நிற்கும் ஈடிடிஎச்ஏ வகை இரும்பு கிடைக்குமா என்று கேளுங்கள். சாடியின் அடியில் கல் பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது எல்லோரும் நம்புகிற விடயம், ஆனால் உண்மை நேர்மாறு. மேலே இருக்கிற மண் நன்றாக ஊறி முடிக்கும்வரை தண்ணீர் கல்லுக்குள் இறங்காது. கல் எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு ஈரப்பகுதி வேரை நோக்கி மேலே ஏறிவிடும். மண் கொட்டாமல் இருக்கத் துளையில் ஒரு ஓட்டுத்துண்டு போதும்.

மண் கலவைக்கு எங்கள் பக்கத்துச் செம்மண் நல்ல மண்தான், ஆனால் சாடிக்குள் தனியாகப் போட்டால் இறுகிச் செங்கல்லாகிவிடும். ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்றாக மக்கிய மாட்டெரு அல்லது இலைக்குப்பை, ஒரு பங்கு தும்புத்தூள், அரைப் பங்கு உமிக்கரி. இதுதான் நான் வைக்கிற கலவை. தும்புத்தூளை இரண்டு தடவையாவது நல்ல தண்ணீரில் அலசிப் பிழியுங்கள், அதிலும் உப்பு இருக்கிறது. கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். உப்போடு சிப்பித்தூளும் சேர்ந்து வரும், அது மறுபடியும் சுண்ணாம்பு. ஆட்டெரு போடுவதானால் பழையது, கைப்பிடியளவு, அதுவும் மழைக்காலம் முடிந்த பிறகு. கோடையில் வாடி நிற்கிற செடிக்குப் பசளை போடாதீர்கள். காய்ச்சல்காரனுக்கு விருந்து வைத்ததுபோல ஆகும்.

மாரியைப் பற்றியும் ஒரு சொல். நம் வருட மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். கோடையைத் தாண்டிவந்த செடிகள் பல இந்த மூன்று மாதத்தில்தான் அழுகும். 2008 கார்த்திகையில் நிஷா புயல் வந்தபோது நான் சாடிகளை வெளியிலேயே விட்டுவிட்டேன். 5 வருடம் வளர்த்த அடீனியங்கள், அடித்தண்டு கால்பந்து அளவு பருத்தவை, ஒரு கிழமைக்குள் உள்ளுக்குள்ளேயே சீழாகிப் போயின. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. இப்போது ஐப்பசி பிறந்ததும் ஜெரேனியமும் அடீனியமும் விறாந்தைக்கு ஏறிவிடும்.

2009இன் பின் ஏ9 பாதை மறுபடி திறந்து மலைநாட்டுப் பயணங்கள் கூடியதிலிருந்து உங்கள் கேள்வியை நான் வருடாவருடம் கேட்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒன்றைச் சொல்ல ஆசை வரும். நம் முற்றத்தில் சாதாரணமாக நிற்கிற செவ்வரத்தை, போகன்விலா, பட்டிப்பூ இவற்றை உங்கள் அக்காவின் ஊரில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். செவ்வரத்தையையும் போகன்விலாவையும் குளிருக்கு வீட்டுக்குள் தூக்கிப் பொத்திப் பொத்தி வைத்திருப்பார்கள், பட்டிப்பூவைப் பனிக்கு விட்டுவிட்டு அடுத்த வருடம் புதிதாக வாங்குவார்கள். அங்கே அவைதான் பனி தாங்காத பல்லாண்டுச் செடிகள். இங்கே அவற்றுக்கு ஒளிய வேண்டிய காலமே இல்லை. மேற்கு மதிலோரம் காலியான இடத்துக்குப் போகன்விலா வையுங்கள். சின்னச் சாடியே போதும், நன்றாகக் காயவிட்டு ஊற்றினால்தான் நிறம் கொட்டும், தண்ணீர் கூடினால் வெறும் இலைதான். அடீனியமும் அந்த வெயிலைக் கேட்டு வாங்கும், பால் மட்டும் நச்சு, சின்னப் பிள்ளைகள் இருந்தால் கவனம். அலரிக்கும் இதே எச்சரிக்கை, இன்னும் கூடுதலாக. பட்டிப்பூ மடகஸ்காரிலிருந்து வந்து நம் சீமெந்து வெடிப்புகளில் தானாக முளைக்கும் அளவுக்கு ஊரோடு ஒட்டிவிட்டது. அதன் ஒரே பலவீனம் ஈரம் தேங்குவது. நிழலான மூலைக்குக் கனகாம்பரம். கிழமைக்கு ஒருமுறை பூக்கதிரைக் கிள்ளிவிட்டால் வருடம் முழுக்கப் பூக்கும். செவ்வரத்தைக்கு 14 அங்குலச் சாடியாவது வேண்டும், தண்ணீரும் தாராளமாக வேண்டும், இலைக்கடியில் வெண்மையாகப் பஞ்சுபோல ஒட்டினால் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள்.

மிச்சமிருக்கும் 3 ஜெரேனியத்துக்கும் இன்றே செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கிழக்குப் பக்கத்துக்கு மாற்றுங்கள். பழுத்த இலையையும் பூக்காம்பையும் மட்டும் கிள்ளுங்கள், தண்டை இப்போது வெட்டவேண்டாம், சாடியும் மாற்றவேண்டாம். கிடைக்கிறதில் நல்ல தண்ணீரால் ஒருமுறை, சாடியின் கொள்ளளவைப்போல இரண்டு மடங்கு மெதுவாக ஊற்றி, சேர்ந்த உப்பை வடியவிடுங்கள். அதன் பிறகு மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். ஐப்பசியில் விறாந்தைக்கு ஏற்றுங்கள். மார்கழிக் கடைசியில் மழை விட்டு வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் நுனியிலிருந்து நாலு அங்குலத் துண்டுகளாக வெட்டி, வெட்டிய முகம் காய ஒரு நாள் நிழலில் போட்டு, அலசிய தும்புத்தூளில் குத்திவையுங்கள். மூன்று நான்கு கிழமையில் வேர் விடும். தாய்ச்செடியைப் புதிய மண்ணில் நட்டு ஒரு பிடி எருவும் போடலாம். மாசியில் அது பூக்கும்போது அக்காவுக்குப் படம் எடுத்து அனுப்புங்கள், அந்த நேரம் அவருடையது சன்னலோரத்தில் மொட்டையாக உறங்கிக்கொண்டிருக்கும். தாய்ச்செடி அடுத்த கோடையில் போனாலும் போகட்டும். இளங்கன்றுகள் சின்னச் சாடியில், நிழலில், குறைந்த தண்ணீரில் கோடையை இலகுவாகக் கடக்கும். என்னிடம் இருக்கிற ஒரு சிவப்பு ஜெரேனியம் இப்படி வெட்டி வெட்டி வைத்தே 11 வருடமாக வருகிறது. முதல் வாங்கிய செடி எப்போதோ போய்விட்டது, பூ அதே பூதான். செத்த சாடிகளின் வேர் என்ன நிறத்தில் இருந்தது, எந்தப் பக்கம் கூட உதிர்ந்தது என்பதையும், கிணற்றுத் தண்ணீரை அளந்தால் அந்த எண்ணையும் எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு அடுத்த தைக்கு எந்த வகைத் துண்டு அந்த வளவுக்குப் பொருந்தும் என்று சொல்கிறேன்.